பதில் வந்து சேரும் வரை

ரேடியோ மேடம் என்ற பெயரை முதலில் வைத்தது எந்த மாணவர் என்று யாருக்கும் தெரியாது. வைத்தவர் கெட்டிக்காரர், அது மட்டும் நிச்சயம். சமூகவியல் துறையின் அந்தப் பேராசிரியை வகுப்புக்குள் நுழையும்போதே பாதி வாக்கியத்தோடு நுழைவார். மணி அடித்த பிறகு மீதி வாக்கியத்தைப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே முடிப்பார். பெயர் தன் காதுக்கு எட்டியபோது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "ரேடியோவுக்கு என்ன குறைச்சல், செய்தியெல்லாம் அதுலதானே வருது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

வெறும் வாயாடி என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சில் சரக்கு இருந்தது. அதோடு, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அத்தனை முகங்களையும் மேய்ந்துகொண்டிருக்கும். கடைசி வரிசையில் ஒரு புருவம் லேசாக நெளிந்தால் போதும், "அங்க புரியலை, திரும்பச் சொல்றேன்" என்று பின்னால் போவார். பேசலாமா வேண்டாமா என்று யாராவது உதட்டை மென்றுகொண்டிருந்தால் பெயர் சொல்லி எழுப்பிவிடுவார். இவ்வளவு பேசுகிறவரின் வகுப்பில் மாணவர்களும் பேசினார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்தக் கண்கள்தான். இது அவருக்கே தெரியாது. தன் பிழைப்பு முழுக்கத் தன் வாயால் ஓடுகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழகம் தொலைதூர முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது துறையில் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இன்னொருவர் கணினியைக் கண்டாலே தும்முகிறவர். மேடத்துக்கு வலி முழங்காலில். மூன்றாவது மாடி வகுப்பறைக்கு ஏறி இறங்குவதைவிட வீட்டு மேசை தேவலை என்று சம்மதித்துவிட்டார். முன்னறையை ஒட்டிய சின்ன அறையில், துணி இஸ்திரி போடும் மேசையைச் சுவர் ஓரமாக நகர்த்திக் கணினியை வைத்தார். பின்னால் திரையில் தெரியும் சுவரில் பழைய ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதை மறைக்க ஒரு நாட்காட்டியை மாட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்துக்குப் பாடம் எடுக்கப்போகிறேன் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டார்.

உலகம் வேறு மாதிரி இருந்தது. சேர்ந்தவர்கள் எல்லாரும் வேலையும் குடும்பமுமாக இருந்தவர்கள். ஒரு செவிலியர், மருத்துவமனையில் கட்டுத்துணி அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். வெளியே யாராவது கூப்பிட்டால் ஆராய்ச்சி அப்படியே அந்தரத்தில் நிற்கும். ஒரு வங்கி மேலாளர் காருக்குள் உட்கார்ந்து வருவார். ஒருநாள் அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து மேடம் போட்ட போட்டில் மனிதர் வெலவெலத்துப்போய் ஓரம் கட்டினார். பகலெல்லாம் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மிச்சம் மீதி இருக்கும் தெம்பில் படிக்க வருகிறவர்களை எவ்வளவு விரட்டலாம், எங்கே விட்டுப் பிடிக்கலாம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. மேடம் தட்டுத் தடுமாறித் தானாகக் கற்றுக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. தொலைதூரப் படிப்பில் யாரும் 'நான் விலகுகிறேன்' என்று சொல்லிவிட்டு விலகுவதில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் தாமதமாகும். பிறகு சுருங்கும். பிறகு வராது. வங்கி மேலாளர் அப்படித்தான் போனார். அவருக்கு முன்னால் ஒரு வழக்கறிஞர். கல்லூரி என்றால் விடுதிக் கதவைத் தட்டலாம், கேண்டீனில் மடக்கிப் பிடிக்கலாம். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது? வங்கி மேலாளருக்கு எழுதிய கடைசி மின்னஞ்சலுக்குப் பதில் வருமா என்று மேடம் அஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். வரவில்லை. ஒருநாள் அந்த இஸ்திரி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த மாணவரை அழைத்தார்.

அதிலிருந்து எதிர்முனையில் சத்தம் இல்லை என்றாலே அவருக்கு இருப்புக் கொள்ளாது. அந்தத் தவிப்பு அவருக்குப் புதிதும் அல்ல. சின்ன வயதில் அவர் வீட்டில், அப்பா பேசவில்லை என்றால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். நாள் கணக்கில் பேசமாட்டார். வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடும். கடைக்குட்டியான இவர்தான் அப்பாவின் முன்னால் போய் நின்று எதையாவது உளறி, அவரைச் சிரிக்க வைத்து, வீட்டை மீட்டுக்கொண்டு வருவார். பேச்சு நின்றால் ஏதோ கெட்டுவிட்டது, உடனே பேசிச் சரிக்கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கும் முன்பே அவர் படித்து முடித்த பாடம் இது.

இப்படிப்பட்டவருக்குத்தான் தீவுக்காரர் மாணவராக வந்து வாய்த்தார்.

தீவுக்காரர் என்பது மேடத்தின் கணவர் சூட்டிய பெயர். கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்த ஒரு தீவில் அவர் பள்ளி ஆசிரியர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வீட்டு ஆண்கள் கப்பல் வேலையாக மாதக்கணக்கில் கடலுக்குப் போய்விடும்போது வீட்டு முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கூரையை எப்போது மாற்றுவது, வயதான தாயை எந்த டாக்டரிடம் காட்டுவது. எழுத்து அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் அனுப்பும் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்த மேடம், திருத்துவதை மறந்து சும்மா படித்துக்கொண்டே போவார்.

பேச்சுதான் உதைத்தது. தீவில் இணையம் சவலைப்பிள்ளை. படத்தைப் போட்டால் குரல் அறுந்துவிடும் என்று தீவுக்காரர் படத்தை அணைத்துவிட்டே வருவார். திரையில் ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் அவர் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். அந்தக் கட்டத்திடம் மேடம் ஒரு கேள்வி கேட்பார். பதில் வராது. வேறு கேள்விக்குத் தாவுவார். அதற்கும் பதில் வராது. பொறுக்க மாட்டாமல் பதிலையும் தானே சொல்லிவிடுவார். அபூர்வமாகத் தீவுக்காரர் வாயைத் திறந்தால் அது சம்பந்தா சம்பந்தமில்லாமல் இருக்கும். ஏன் பெண்களை மட்டும் பேட்டி கண்டீர்கள் என்று கேட்டால், நாற்பத்தொரு வீடு மேடம் என்பார். எந்தக் கோட்பாட்டை வைத்து அலசப்போகிறீர்கள் என்று கேட்டால், மழைக்காலத்தில் முடியாது மேடம் என்பார். கோட்பாட்டுக்கும் மழைக்கும் என்ன பகை என்று மேடம் அன்றெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டார்.

போகப்போகத் தீவுக்காரர் 'சரி மேடம்', 'பண்றேன் மேடம்' என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டார். எழுத்து மட்டும் மாதத்துக்கு மாதம் மெருகேறி வந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் துறையில் ஒரு விவகாரம் வெடித்தது. வேறொரு பேராசிரியரின் தொலைதூர மாணவர், ஆய்வேட்டை ஆள் வைத்து எழுதி வாங்கியது அம்பலமாகிவிட்டது. இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியவில்லையா என்று அந்தப் பேராசிரியரை எல்லாரும் பிடித்து உலுக்கினார்கள். அவர் எங்கே கூட இருந்தார், கறுப்புக் கட்டத்தோடு அல்லவா இருந்தார் என்று மேடத்துக்குத் தெரியும். ஆனாலும் பயம் தொற்றிக்கொண்டது. எழுதுகிறவர் ஒருவர், பேசுகிறவர் இன்னொருவரோ? நினைக்கவே கசந்தது, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. வருடாந்திர அறிக்கை கேட்டு ஒருங்கிணைப்பாளர் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார். மேடம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினார்: எழுத்தில் உள்ள தேர்ச்சி நேர்ப்பேச்சில் இல்லை, ஆய்வு இவருடையதே என்று உறுதி கூற இயலவில்லை.

எழுதி அனுப்பியும் விட்டார். இப்படி ஒரு வரி விழுந்துவிட்டால் ஆய்வுக் குழு மாணவரை அழைத்துத் துருவும். தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். முறைகேடு என்ற முத்திரையும் சேர்ந்து விழும். ஒரு பள்ளி ஆசிரியர் நெற்றியில் அந்த முத்திரை விழுந்தால் பட்டம் மட்டுமா போகும், ஊரில் தலைகாட்ட முடியுமா, வேலைதான் நிலைக்குமா? மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் செய்தது சரி என்றே சொல்லிக்கொண்டார்.

மேடத்தின் கணவர் பல் டாக்டர். அந்த வாரம் கிளினிக் படியில் கால் இடறிச் சுளுக்கிக்கொண்டு வீட்டோடு கிடந்தார். முன்னறை சோபாவில் படுத்து, காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை வேலை ஏவிக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர் என்றால் மேடம் ஒருவர்தான். தீவுக்காரரோடு வழக்கமான அழைப்பு நடந்தபோது சின்ன அறையின் கதவு திறந்தே இருந்தது. அழைப்பு முடிந்து மேடம் பெருமூச்சோடு வெளியே வந்ததும் டாக்டர் கேட்டார்.

"அந்த ஆளை ஏன் இப்படிப் படுத்துற?"

மேடத்துக்குச் சுருக்கென்றது. படுத்துவது யார், தானா அவரா? ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறார், இல்லாவிட்டால் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார், யாரை வைத்து எழுதுகிறாரோ என்று பொரிந்து தள்ளினார். அறிக்கை எழுதி அனுப்பிய கதையையும் சொன்னார். டாக்டர் காலை மெல்ல நகர்த்தி எழுந்து உட்கார்ந்தார்.

"அவர் சொல்லத்தான் செய்றார், டீச்சர். நீ விட்டாத்தானே."

"டாக்டருக்குச் சுளுக்கு கால்லதானே. வாய் நல்லாத்தான் இருக்கு போல."

"கோவிச்சுக்காத. இது நான் தினம் பார்க்கிறது. ஒருத்தர் வாய்க்குள்ள ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பேன். பாவம் அவர் ஆ, ஆன்னு ஏதோ சொல்லப் பார்ப்பார். அந்தச் சத்தம் தூக்கத்துல கேட்டாக்கூட எனக்குத் தெரியும். இப்போ உன் கம்ப்யூட்டர்ல இருந்து அதே சத்தம் வந்துச்சு. நீ அடுத்த கேள்வியை ஆரம்பிச்ச பிறகு, ஒவ்வொரு தடவையும். உன் கை அந்த ஆளு வாய்க்குள்ள இருக்கு."

மேடம் விறுக்கென்று அடுப்படிக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிடும்போதும் பேசவில்லை. ரேடியோ நின்றுபோன வீட்டில் டாக்டர் கொஞ்சம் பயந்தே போனார். கையைக் கழுவிய மேடம் நேரே சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாணவரோடு பேசும் அழைப்புகள் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பதிவுகள் பத்திரமாக இருந்தன. ஒன்றையும் அவர் இதுவரை போட்டுக் கேட்டதில்லை. தன் குரலைத் தானே உட்கார்ந்து கேட்க யாருக்குப் பிடிக்கும்?

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். முதலில் தன் குரல்: எத்தனை வீட்டுக்குப் போனீங்க? பிறகு சின்ன இடைவெளி. அன்றைக்கு யுகமாகத் தோன்றிய அந்த இடைவெளி, இப்போது கேட்டால் இரண்டு மூச்சு நேரம்கூட இல்லை. அதற்குள் மறுபடி தன் குரல்: சரி, ஏன் பெண்களை மட்டும் பேட்டி கண்டீங்க? அந்தக் கேள்வி முடியும்போது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் சொன்னது: நாற்பத்தொரு வீடு மேடம்.

மேடம் பதிவை நிறுத்தினார். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். மழைக்காலப் பதிவையும் தேடி எடுத்தார். கோட்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முந்தைய கேள்வி, அடுத்த தடவை பேட்டி எடுக்க எப்போது கிளம்புகிறீர்கள் என்பது. மழைக்காலத்தில் படகு ஏது? மனிதர் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். தீவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. இங்கே கேட்டது வானத்துக்கு ஏறி அங்கே இறங்க வேண்டும், அங்கே சொன்னது அதே வழியாகத் திரும்ப வேண்டும். அதோடு தீவுக்காரர் கேள்வியை உள்ளே வாங்கி, ஒரு கணம் யோசித்து, பிறகு வாயைத் திறக்கிறவர். அவருடைய பதில் வந்து சேரும்போது இங்கே வேறொரு கேள்வி உட்கார்ந்திருக்கும். இரண்டு குரலும் மோதினால் உரத்த குரலை வைத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும் மென்பொருள். உரத்த குரல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒரு பதிவில் மேடம் கேட்டிருந்தார்: முதல் வரைவில் சம்பிரதாயம் என்று ஒரு சொல் இருந்ததே, அதை ஏன் அடித்துவிட்டீர்கள்? கேட்ட கையோடு, சரி சரி, நடைக்காக எடுத்திருப்பீர்கள், நல்லதுதான் என்று தானே சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அடியில் மெல்லிய குரல் ஒன்று, இல்ல மேடம், அது வந்து, என்று தொடங்கி, பாதியில் நின்றது. அப்புறம் சரி மேடம் என்றது. மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரைப் பற்றியா அப்படி எழுதினோம்?

உடனே ஒருங்கிணைப்பாளரை அழைத்து அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். காலம் கடந்துவிட்டது என்றார் அவர். குழு கூடும் நாளும் குறித்தாகிவிட்டது. நேற்று சந்தேகம் என்று எழுதியவரே இன்று சந்தேகமில்லை என்று எழுதினால் குழு இருவரையும் சேர்த்துச் சந்தேகிக்கும். மாணவர் நேரில் பதில் சொல்லித்தான் மீள வேண்டும். மேடமும் அழைப்பில் இருக்கலாம். ஆனால் மாணவருக்குப் பதிலாக வழிகாட்டி ஒரு கேள்விக்கு வாயைத் திறந்தாலும் அது மாணவருக்கு எதிராகவே பதிவாகும். இதைச் சொல்லும்போது ஒருங்கிணைப்பாளர் லேசாக இருமினார். அவரும் ஒரு காலத்தில் ரேடியோ மேடத்தின் மாணவர்தான்.

அன்று சாயங்காலமே மேடம் தீவுக்காரரை அழைத்தார். அழைக்கும் முன் டாக்டர் மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, தன் கோழிக் கிறுக்கலில் 'கையை எடு' என்று எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். மேடம் எதையும் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். இணையம் செய்த கூத்து, தான் அதற்குப் போட்ட தாளம், அறிக்கையில் எழுதிய வரி, குழு கூடும் நாள். தப்பு முழுக்க என் மேல் என்றார். சொல்லி முடித்துவிட்டு, மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கறுப்புக் கட்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. கோபமா, அழைப்பு அறுந்துவிட்டதா, எழுந்து போய்விட்டாரா? நாக்கு நுனிவரை வந்த சொல்லை மேடம் பல்லைக் கடித்துத் தடுத்தார். திரை ஓரத்துச் சீட்டையே வெறித்தார்.

"நான் வேற மாதிரி நினைச்சிட்டேன், மேடம்" என்றது குரல். "என் பதில் தேறாதுன்னுதான் நடுவுல நிறுத்துறீங்கன்னு நினைச்சேன். அதான் பேசுறதை விட்டுட்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் எழுத்துல போட்டேன்."

மேடம் வாயைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. அங்கே இன்னும் ஏதோ இருந்தது.

"விலகிக்கிறேன்னு ஒரு மின்னஞ்சல்கூட எழுதி வெச்சேன். அனுப்ப மனசு வரலை."

மேடத்தின் கண்ணில் நீர் முட்டியது. மௌனம் இன்னும் யாரைக் கொண்டுபோய்விடுமோ என்று பயந்து பயந்து எதைப் பேசினாரோ, அந்தப் பேச்சே இன்னொருவரையும் விரட்டப் பார்த்திருக்கிறது. "அந்த மின்னஞ்சலை அழிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். சற்றுப் பொறுத்து, "அழிச்சிட்டேன் மேடம்" என்று வந்தது.

அதற்கப்புறம் தினமும் ஒத்திகை. கேள்வி கேட்டதும் பேசாமல் இருக்க மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கேள்விக்கு ஒரு வாய் தண்ணீர். வாயில் தண்ணீர் இருக்கும்போது யார் பேச முடியும்? குடம் குடமாகக் குடிக்கிறாயே, தீவுக்காரர் பட்டம் வாங்குவதற்குள் கடலே வற்றிவிடும் என்று டாக்டர் கிண்டலடித்தார். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அப்பால் மேடம் ஒரு புது ஆளைக் கேட்டார். அவசரமில்லாமல், சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பேசுகிற மனிதர். நகைச்சுவை உணர்வும் இருந்தது. பேட்டிக்குப் போன ஒரு வீட்டில் நாய் துரத்தி, மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டே மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிய கதையை அவர் சொன்னபோது மேடம் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. பேசத் தொடங்கும் முன் அவர் சன்னமாக ஒரு மூச்சு இழுப்பார் என்பதும் மேடத்துக்கு அப்போதுதான் பிடிபட்டது. கூர்ந்து கேட்டால் அது கேட்கும். கடைசி வரிசையில் நெளியும் புருவத்தைப் பார்ப்பது மாதிரிதான், என்ன, இதைக் காதால் பார்க்க வேண்டும்.

குழு கூடிய அன்று காலையிலேயே மேடம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். திரையில் ஒருங்கிணைப்பாளரையும் சேர்த்து நான்கு பேராசிரியர்களின் முகங்கள், ஒரு கறுப்புக் கட்டம், தன் முகம். தொடங்கும் முன் அனுமதி கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: பதில் வந்து சேர நேரமாகும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். குழுத் தலைவர் தலையாட்டினார். அடுத்த நிமிஷமே மறந்துபோகிறவர்களின் தலையாட்டல் அது.

முதல் கேள்வி போனது. பதில் இல்லை. உறுப்பினர் ஒருவர், கேக்குதா, ஹலோ, கேக்குதா என்று ஆரம்பித்தார். மேடம் போக்குவரத்துக் காவலர் மாதிரி உள்ளங்கையைத் திரைக்கு நேரே நீட்டினார். அவர் வாயை மூடிக்கொண்டார். பதில் வந்தது. தெளிவாகத்தான் வந்தது. இரண்டாவது கேள்விக்கும் வந்தது. மூன்றாவது கேள்விக்கு ஒருவர் குறுக்கே பேசிவிட, பதில் நொறுங்கிப்போய் வந்து சேர்ந்தது. தலைவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ குறித்தார். மேடத்துக்கு அந்தப் பதில் தெரியும், நாக்கில் இருந்தது, சொன்னால் மூன்றே சொல்லில் முடிந்துவிடும். தன் பக்கத்து ஒலியை அணைத்துவிட்டு, போதாதென்று கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கனத்த கண்ணாடி போட்ட மூத்த பேராசிரியர் ஒருவர் அதுவரை பேசாமலிருந்தார். அவர்தான் கடைசியாகக் கேட்டார். "உங்க ஆய்வுல நீங்களே எதிர்பார்க்காத விஷயம் ஒண்ணு சொல்லுங்க. எழுதினவருக்குத்தான் அது தெரியும்."

இடைவெளி நீண்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைக் கனைக்கத் தயாரானார். மேடத்தின் காதில் அந்தச் சின்ன மூச்சு கேட்டது.

"பெரும்பாலான வீட்டுல, கேக்குறதுக்கு முன்னாடியே முடிவு எடுத்தாச்சு சார்" என்றார் தீவுக்காரர். "பிள்ளையைச் சேர்த்தாச்சு, கூரைக்குத் தகரம் வாங்கியாச்சு. அதுக்கு அப்புறம் கப்பல்ல இருக்கிற ஆளுக்கு போன் போட்டு, என்ன பண்ணலாம்னு கேக்குறாங்க. நான் முதல்ல அதைச் சம்பிரதாயம்னு எழுதினேன். பிறகு அந்த வார்த்தையை அடிச்சிட்டேன். ஏன் அடிச்சீங்கன்னு மேடம் ஒரு தடவை கேட்டாங்க. அப்போ பதில் சொல்ல முடியலை. இப்போ சொல்றேன்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க அக்கா வீட்டுக்காரரும் கடலுக்குப் போறவர்தான். எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிட்டு எதுக்கு அவர்கிட்ட கேக்குறன்னு அக்காகிட்ட கேட்டேன். கடல்ல இருந்து குரல் வர நேரமாகும் சார். அக்கா சொன்னா, கேட்டுட்டு, அவர் பதில் வர்ற வரைக்கும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கிறேன்ல, அவ்வளவு நேரமும் அவர் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்குன்னு. அதைக் கேட்ட பிறகு சம்பிரதாயம்னு எழுத எனக்குக் கை வரலை."

மேடம் அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. முன்னறையில் சோபா கிறீச்சிட்டது, டாக்டரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்றார். தலைவர் மற்றவர்களைப் பார்த்தார், அவர்களும் தலையாட்டினார்கள். ஆய்வு இவருடையதே, தொடரலாம், சந்தேகம் நீக்கப்படுகிறது என்று தலைவர் சொல்ல, ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டார்.

"மேடம், முடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் தலைவர். ரேடியோ மேடத்தை அறிந்தவர் என்பதால், கேட்கும்போதே நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. மேடம் ஒலியைத் திறந்தார். திறந்ததும் காதில் விழுந்தது, வெகுதூரத்திலிருந்து, சன்னமாக ஒரு மூச்சு.

"கொஞ்சம் இருங்க சார்" என்றார் மேடம். "அவர் இன்னும் முடிக்கலை."

நான்கு முகங்களும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன. மேடமும் காத்திருந்தார், தண்ணீர் குடிக்காமலே.

"ஆமா மேடம்" என்று வந்து சேர்ந்தது குரல். "இன்னும் ஒண்ணு இருக்கு."